பேஸ் தூக்கலான, விலை குறைந்த ஆன்-இயர் ஹெட்போன்: கொழும்பில் எதை எடுக்கலாம்?

"இருபதாயிரத்துக்குள் நல்ல பேஸ் உள்ள ஹெட்போன் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒரே பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. கேட்பவர் கண்ணாடி போடுபவரா, காதில் தோடு இருக்கிறதா, பாட்டை பஸ்ஸில் கேட்கிறாரா, இரவில் அறையில் இருந்து கேட்கிறாரா என்று தெரியாமல் சொல்லும் பெயர் பாதிப் பேருக்குப் பொருந்தாமல் போய்விடும். ஆன்-இயர் என்பது காதைச் சுற்றி மூடாமல் காதின் மேலேயே உட்காரும் வகை. அதில் எவ்வளவு பேஸ், அதாவது தாழ்ந்த, கனத்த ஒலி, வரும் என்பது அந்த மெத்தை உங்கள் காதில் எப்படிப் படிகிறது என்பதைப் பொறுத்தது. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள் அதைச் சொல்லாது.

இங்கே நான்கை எடுத்துக்கொள்கிறேன். வயர் இல்லாதவை இரண்டு: ஜேபிஎல் டியூன் 520பிடி, சோனி டபிள்யூஎச்-சிஎச்520. வயர் உள்ளவை இரண்டு: சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110, கோஸ் போர்டா ப்ரோ. கடைசியில் பழைய 'எக்ஸ்ட்ரா பேஸ்' ஹெட்போன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை.

ரூபாய் விலைகளை எழுதவில்லை. முகவரின் வாரண்டியோடு வருவதற்கும், யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து விற்பதற்கும் ஒரே பொருளில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் வற் வரியும் 18 வீதமாகிவிட்டது. அதையும் சேர்த்த விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

காதில் படிவது. எனக்கு இதுதான் முதலாவது. மெத்தைக்கும் காதுக்கும் இடையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் பாடகரின் குரலோ ஜால்ராவோ பெரிதாக மாறாது. பேஸ்தான் முதலில் கசிந்து வெளியே போகும். கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, காதின் மேல் விழுந்திருக்கும் முடி, ஹிஜாப் துணி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும் அந்த இடைவெளியை உண்டாக்க. ஒரே ஹெட்போனை அண்ணன் "இடி மாதிரி இருக்கிறது" என்பார், தங்கை "சத்தமே இல்லை" என்பாள். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் மெத்தைகளை மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால், அழுத்தாதபோது கசிகிறது என்று அர்த்தம். பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அது உங்கள் காதுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

எந்த பேஸ்? நாம் பேஸ் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை ஒன்று: காதால் கேட்பதை விட உடம்பில் உணர்வது, எலெக்ட்ரோனிக் இசையில் அடியில் உறுமுவது. 60 முதல் 250 வரை இன்னொன்று: மிருதங்கத்தின் இடந்தலை, பப்பரே பாண்டின் பெரிய மேளம், எண்பதுகளின் பாட்டுகளில் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் பேஸ் கிட்டாரின் பெரும்பகுதி. சின்ன ஆன்-இயர் ஹெட்போன்கள் இரண்டாவதைத்தான் நன்றாகத் தரும். அது அளவுக்கு மேல் போனால் குரலின் மேல் போர்வை விழுந்ததுபோல் ஆகிவிடும், வரிகள் புரியாது. பாட்டு வரிகளை விரும்பிக் கேட்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

'20–20,000 ஹெர்ட்ஸ்' என்று பெட்டியில் இருப்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அந்த எல்லைக்குள் எது எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது அதில் இல்லை. டிரைவர், அதாவது உள்ளே ஒலியை எழுப்பும் சிறு ஒலிபெருக்கி, 30 மில்லிமீட்டரா 33 மில்லிமீட்டரா என்பதும் அப்படித்தான்.

கேட்கும் இடம். 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெடுகப் போகிறவருக்கு எஞ்சின் இரைச்சல் பழகிய விஷயம். அந்த இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வுதான். அது பாட்டில் உள்ள பேஸை மூடிவிடுகிறது. அதனால் வீட்டில் அளவாக ஒலிக்கும் ஹெட்போன் பஸ்ஸில் ஏறியதும் மெலிந்துவிடும், பஸ்ஸில் சரியாக ஒலிப்பது இரவு அறையில் கனத்துக் கேட்கும். பேஸ் தூக்கலான ஹெட்போனை விரும்புவதற்குப் பயணம் ஒரு நியாயமான காரணம். ஆனால் இந்த நான்கிலும் இரைச்சல் நீக்கும் வசதி கிடையாது.

வெக்கையும் வியர்வையும். கொழும்பின் ஈரக்காற்றில் செயற்கைத் தோல் மெத்தைகள் சீக்கிரம் பழுதாகும். முதலில் விளிம்பில் சின்னச் சுருக்கம் விழும். பிறகு மிளகுத்தூள் அளவில் கறுப்புத் துகள்கள் உதிர்ந்து காதிலும் கழுத்திலும் வெள்ளைச் சட்டைக் கொலரிலும் ஒட்டும். மெத்தை உரிந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, காதில் படிவதும் கெட்டு பேஸும் குறைகிறது. இந்தச் செலவை வாங்கும்போதே கணக்கில் எடுங்கள்.

இணைப்பு. உங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வயர் உள்ளதா இல்லாததா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | ஜேபிஎல் 520பிடி | சோனி சிஎச்520 | சோனி இசட்எக்ஸ்110 | கோஸ் போர்டா ப்ரோ |
|---|---|---|---|---|
| இணைப்பு | புளூடூத் 5.3 மட்டும் | புளூடூத் 5.2 மட்டும் | வயர் | வயர் |
| டிரைவர் | 33 மி.மீ. | 30 மி.மீ. | 30 மி.மீ. | – |
| பேட்டரி (நிறுவனம் சொல்வது) | 57 மணி வரை | 50 மணி வரை | தேவையில்லை | தேவையில்லை |
| எடை | 157 கிராம் | 147 கிராம் | ஏறக்குறைய 120 கிராம் | மிக லேசு |
| பேஸ் | அதிகம், முன்னுக்கு நிற்கும் | மிதம், போன் செயலியில் கூட்டலாம் | மிதம் | மென்மையான, உருண்ட பேஸ் |
| பிடி | சற்று இறுக்கம் | தளர்வு | தளர்வு | மாற்றலாம் |
| மெத்தை | செயற்கைத் தோல் | செயற்கைத் தோல் | செயற்கைத் தோல் | பஞ்சு |
| வெளிச்சத்தம் தடுப்பது | ஓரளவு | குறைவு | குறைவு | இல்லை |

## ஜேபிஎல் டியூன் 520பிடி

பேஸ்தான் வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்பவருக்கு இந்த நான்கில் இதுதான். 'பியூர் பேஸ்' என்று நிறுவனம் பெயர் வைத்திருக்கும் ஒலி அமைப்பு, பெட்டியிலிருந்து எடுத்த நேரத்திலேயே மேளத்தை முன்னுக்கு நிறுத்துகிறது. பைலா, பப்பரே, கானா, ஹிப்ஹொப் என்று தாளத்தை நம்பி நிற்கும் இசைக்கு இது உற்சாகமாக இருக்கும். பிடியும் கொஞ்சம் இறுக்கம் என்பதால் மெத்தை காதோடு நன்றாக ஒட்டுகிறது. அதனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும் பேஸ் குறையாமல் வருகிறது.

அந்த இறுக்கமே இதன் குறையும். கண்ணாடி போடுபவருக்குக் காம்பு அழுத்தும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வலி தொடங்கலாம். தோடு போட்டிருந்தால் அதன் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தும். கழற்றிவிட்டுப் போடுவது தினமும் நடக்கிற காரியமா என்று யோசியுங்கள். புதிதில் இறுக்கமாக இருப்பது கொஞ்ச நாளில் தளரும் என்பது உண்மைதான், ஆனால் முதல் வாரத்திலேயே தலைவலி தந்தால் அந்தத் தளர்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் சார்ஜ் போட்டால் மூன்று மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சார்ஜ் இல்லை என்று கண்டுபிடிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. போன், மடிக்கணினி இரண்டிலும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும்.

கர்நாடக இசை, பழைய மெல்லிசை, வானொலிப் பேச்சு ஆகியவற்றை அதிகம் கேட்பவருக்கு இதைச் சொல்லமாட்டேன். செயலியில் பேஸைக் குறைத்துக் கேட்கலாம்தான். ஆனால் குறைத்துக் கேட்பதற்காகப் பேஸ் ஹெட்போன் வாங்குவதில் என்ன இருக்கிறது?

## சோனி டபிள்யூஎச்-சிஎச்520

நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கப் போகிறவருக்கு நான் முதலில் காட்டுவது இதை. 147 கிராம்தான், பிடியும் மென்மை. கண்ணாடியோடு போட இந்த விலையில் இதைவிடச் சுகமானது கிடைப்பது கஷ்டம். குரல் தெளிவாக வரும், பேஸ் பின்னால் நின்று தாங்கும்.

"அப்படியென்றால் பேஸ் போதாதே" என்று கேட்பீர்கள். சோனியின் செயலியில் ஈக்குவலைசரோடு (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 'கிளியர் பேஸ்' என்று திரையில் இழுத்துக் கூட்டும் தனிக் கோல் ஒன்றும் இருக்கிறது. அதை ஐந்தாறு படி கூட்டினால் குரலை அதிகம் கெடுக்காமல் மேளம் நிமிர்ந்து வரும். பஸ்ஸுக்குக் கூட்டி, வீட்டில் குறைத்து என்று இரண்டு விதமாகவும் பாவிக்கலாம் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும்.

ஈக்குவலைசரை எதில் தொட்டாலும் ஒன்றை ஞாபகத்தில் வையுங்கள். 6 டெசிபல் கூட்டுவது என்றால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு சக்தி போகிறது. சிறிய டிரைவர் அதைத் தாங்காமல் கரகரக்கத் தொடங்கும். பேஸைக் கோலின் உச்சிவரை ஏற்றுவதை விட, மற்றவற்றை இரண்டு மூன்று படி இறக்கிவிட்டு மொத்தச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் சுத்தமாகக் கேட்கும்.

குறைகள்: பிடி தளர்வு என்பதால் வேகமாக நடந்தாலோ குனிந்தாலோ நகரும், நகர்ந்ததும் பேஸ் போகும். வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். வயர் போட இடமே இல்லை, சார்ஜ் முடிந்தால் அவ்வளவுதான். பேட்டரி 50 மணி நேரம் என்பதால் இது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

வயர் இல்லாத இரண்டுக்கும் பொதுவான ஒன்றையும் சொல்ல வேண்டும். மடிக்கணினியில் சூம் கூட்டத்துக்குள் போனதும் பாட்டின் தரம் பழைய தொலைபேசி போல் ஆகிவிட்டது என்று பலர் பயந்து ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். மைக் வேலை செய்யத் தொடங்கும்போது புளூடூத் கதைப்பதற்கான முறைக்கு மாறுவதால் நடப்பது அது. மைக்காக மடிக்கணினியில் உள்ளதையே தேர்ந்தெடுத்தால் பாட்டு பழையபடி வந்துவிடும்.

## சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110

நான்கிலும் விலை குறைந்தது இது. ஓ/எல், ஏ/எல் படிக்கும் பிள்ளைக்கு ஸூம் வகுப்பு, யூடியூப் பாடம், இடையிடையே பாட்டு என்றால் இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. சார்ஜ் தொல்லை இல்லை, கேம் விளையாடும்போது சத்தம் பிந்தி வருவதும் இல்லை. பெயரின் கடைசியில் 'ஏபி' என்று இருந்தால்தான் மைக் இருக்கும், அதைப் பார்த்து எடுங்கள்.

பேஸ் இருக்கிறது, ஆனால் ஆழம் இல்லை. தாழ்ந்த ஒலி மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகும். பேஸுக்காகவே வாங்குகிறவர் ஏமாந்துபோவார். வயர் கழற்ற முடியாதது, நீளம் 1.2 மீட்டர். பைக்குள் சுருட்டிப் போடுகிறவர்களுக்கு முதலில் போவது பிளக் அருகில் உள்ள வயர்தான். அதை ஈயம் வைத்து ஒட்டித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

## கோஸ் போர்டா ப்ரோ

1984இல் வந்த வடிவம், இன்றும் அப்படியே விற்கிறது. மெல்லிய இரும்புப் பட்டி, இரண்டு பஞ்சு மெத்தைகள். பார்த்தால் பழைய வோக்மன் காலத்துச் சாமான் போல இருக்கும். போட்டுக் கேட்டால் இவ்வளவு சின்ன பஞ்சுக்குள் இருந்து இந்த பேஸா என்று தோன்றும். பின்பக்கம் திறந்த அமைப்பு. அதனால் ஒலி தலைக்குள் அடைபடாமல் விரிந்து வருகிறது. அடியாழம் வரை போகாது, ஆனால் பேஸ் கிட்டார் ஓடும் பகுதி அவ்வளவு சுகமாக உருண்டு வரும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளை இரவு பத்து மணிக்குப் பிறகு அமைதியாகக் கேட்பவருக்கு இந்த நான்கில் நான் மனசாரச் சொல்லும் தேர்வு இதுதான்.

கன்னப்பொறிப் பக்கத்தில் பிடியை மூன்று நிலையில் மாற்றும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. கண்ணாடிக்காரர்களுக்கும் தோடு போடுபவர்களுக்கும் அது வரம். பஞ்சு என்பதால் காது புழுங்காது, கிழிந்தால் மெத்தை மாற்றுவதும் சுலபம், செலவும் குறைவு. நீள முடி உள்ளவர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். பட்டி நீண்டு சுருங்கும் இடத்தில் முடி சிக்கும், கழற்றும்போது இழுக்கும்.

ஆனால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இது ஆகவே ஆகாது. கோட்டையில் இருந்து கடற்கரைப் பாதையில் போகும் மாலை ரயிலில் திறந்த கதவின் காற்று, தண்டவாளச் சத்தம், பேச்சு எல்லாம் தடையின்றி உள்ளே வரும். உங்கள் பாட்டும் பக்கத்தில் நிற்பவருக்குத் தடையின்றிக் கேட்கும். நூலகத்திலும் பாவிக்க முடியாது.

கொழும்பில் கடை கடையாகத் தேடுவதை விட, கனடாவிலோ லண்டனிலோ இருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பது பலருக்கு லேசான வழி. நிறுவனத்தின் ஆயுட்கால வாரண்டியைப் பற்றி நிறைய வாசித்திருப்பீர்கள். அது அமெரிக்காவில் உள்ள நிறுவனத்தை நம்பியது. இங்கிருந்து அனுப்பும் தபால் செலவைக் கணக்குப் பார்த்தால் அந்த வாரண்டியை விலைக்குள் சேர்க்காமல் விடுவதே சரி.

## பழைய எக்ஸ்ட்ரா பேஸ்

சோனியின் எம்டிஆர்-எக்ஸ்பி வரிசை ஆன்-இயர் ஹெட்போன்கள் ஒரு காலத்தில் பேஸ் பிரியர்களின் செல்லம். இப்போதும் பாவித்ததாக விற்பனைக்கு வருகின்றன. ஒலி நன்றாகவே இருக்கலாம், ஆனால் மெத்தையைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் புது மெத்தைக்கான செலவும் அதைத் தேடும் அலைச்சலும் உங்களுடையது. மெத்தை நல்ல நிலையில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

போனில் துளை இல்லாதவருக்கு வயர் ஹெட்போன் என்றால் டைப்-சி மாற்றி ஒன்றும் வேண்டும். மலிவு மாற்றிகளில் சில சும்மா வயரை மட்டும் மாற்றித் தருபவை. அவை சில போன்களில் வேலை செய்யும், பல சம்சுங் போன்களில் சத்தமே வராது. உள்ளே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லு (சிப்) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஆப்பிளின் சிறிய மாற்றி நல்ல தரம்தான், ஆனால் பல ஆண்ட்ராய்ட் போன்களில் சத்தம் குறைவாக வரும். பேஸ் விரும்புகிறவருக்கு அது குறையாகவே தெரியும்.

மழைக்காலத்தில் நனைவதை இவற்றில் எதுவும் தாங்காது. ஹெட்போனைப் போட நீர் புகாத சிறு பை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலிகள் பற்றியும் சொல்ல வேண்டும். புறக்கோட்டை நடைபாதையிலும் இணையத்திலும் பெரிய நிறுவனங்களின் பெயர் ஒட்டிய போலிகள் தாராளம். பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். வயர் இல்லாத இரண்டுக்கும் நல்ல சோதனை அந்தந்த நிறுவனத்தின் செயலிதான். கடைக்குப் போவதற்கு முன்பே செயலியைப் போனில் இறக்கி வையுங்கள். கடையில் இணைத்ததும் செயலி மாடலின் பெயரைச் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். புளூடூத்தில் இணைந்து பாட்டும் ஓடி, செயலியில் மட்டும் வரவில்லை என்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

## சத்தத்தின் அளவு

பேஸ் ஹெட்போன் வாங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகக் குறைகிறது. எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகப் பேஸ் கேட்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால், தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் இருப்பவர் அந்த எல்லையைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்.

வீட்டில் அமைதியான அறையில் உங்களுக்குச் சுகமான அளவு எது என்று பார்த்து வையுங்கள். பஸ்ஸில் அதற்கு மேல் இரண்டு மூன்று படிதான். அது போதவில்லை என்றால் உங்கள் பயணத்துக்கு ஆன்-இயர் பொருந்தவில்லை. காதுக்குள் இறுக்கமாகச் செருகும் ரப்பர் முனை உள்ள இயர்போன் வெளிச்சத்தத்தைக் கூடுதலாகத் தடுக்கும், அதே விலையில் பேஸும் ஆழமாக வரும். தினமும் நீண்ட பஸ் பயணம் மட்டுமே உங்கள் கேட்கும் நேரம் என்றால், இந்த நான்கையும் விட்டுவிட்டு அதையே எடுங்கள் என்பேன்.

## கடையில் நிற்கும்போது

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்டி பிளாசா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு என்று எங்கே போனாலும், மாதிரியைக் காதில் போட்டுப் பார்க்க விடும் கடையில் எடுங்கள். தினமும் போடும் கண்ணாடியையும் தோட்டையும் போட்டுக்கொண்டே போங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போனில் இறக்கி வைத்திருங்கள், கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். போட்டுக்கொண்டு பத்து நிமிடம் கடைக்காரரோடு கதையுங்கள், வலிக்கிற இடம் அதற்குள் தெரிந்துவிடும்.

வாரண்டி யாருடையது, கடையுடையதா முகவருடையதா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் மாடல் பெயரோடும் திகதியோடும் எழுதி வாங்குங்கள். போலியை அசல் என்று விற்றாலோ, எழுதிக் கொடுத்த வாரண்டியை மறுத்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அதற்கும் அந்தப் பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.